கடல் மேல் போன கோடு

பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் மெற்றில்டா எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டு, ஆமை கம்ப்யூட்டர் திரையின் கீழ்விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பிறகு மேசைமேல் இறங்கி, மேசையிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து தரைக்குமாக நடந்து, வாசல்படியைத் தாண்டி வெயிலுக்குள் போன அன்று புன்னைத்துறையில் நெத்திலி நன்றாகப் பட்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்ததால் அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பார்த்தவர்களும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கை அளவு ஆமை, கரும்பச்சை நிறம், பின்னால் கண்மை இழுத்தது போல ஒரு கோடு. அது கொடிமரம் வரைக்கும் நேராகப் போய், இடதுபக்கம் திரும்பி அதே தூரம் நடந்து, மறுபடி திரும்பி, மறுபடியும் திரும்பி, புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றது. கோயில் முற்றத்தில் ஒரு பெரிய சதுரம் கிடந்தது. வகுப்பு எடுக்க வந்திருந்த பிரின்சி வாசலில் நின்று நாலு மூலையையும் பார்த்தாள்.

"சரியா எழுதியிருக்கீங்கக்கா. மூலையெல்லாம் ஒழுங்கா வந்திருக்கு. ஆனா அது திரைக்குள்ளயே போடும்னுதான் நான் நெனச்சிருந்தேன்," என்றாள்.

மெற்றில்டாவுக்கு ஊரில் எல்லோருடைய போனும் தெரியும். சந்தை முக்கில் அவள் வைத்திருந்த கடையில்தான் புன்னைத்துறை முழுக்க ரீசார்ஜ் செய்தது, உடைந்த கண்ணாடியை மாற்றியது, புதுப் போன் வாங்கினால் கேம் ஏற்றிக்கொண்டது. மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கிற கேம் மீன் விற்கும் பெண்களுக்கு. வள்ளம் கரைக்கு வரும்வரை அவர்கள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கூடையைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, செதில் ஒட்டிய விரலால் மிட்டாய் உடைப்பார்கள். ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் சிக்னல் இல்லாமல் ஓடுகிற கேமாகப் பார்த்துக் கேட்பார்கள், ஏனென்றால் கரை மறைந்த கொஞ்ச தூரத்திலேயே சிக்னல் விட்டுப்போகும், அதற்கப்புறம் நாட்கணக்கில் வானமும் தண்ணீரும் அந்தக் கேமும்தான்.

அவளுடைய புருஷன் ததேயுஸுக்குப் பிடித்தது குமிழி உடைக்கும் கேம். கீழேயிருந்து வண்ணக் குண்டுகளை எய்து, மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் குமிழிகளை உடைத்து, உள்ளே அடைபட்டுக் கிடக்கிற குருவிகளைப் பறக்கவிட வேண்டும். கரையில் இருக்கும் நாட்களில் அவன் கடைக்கு வந்து, ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய போனை வாங்கி ஆடுவான். ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டான். எல்லாக் குருவியும் பறந்தாலும் ஒன்று மட்டும் மூலையில் மிச்சமிருந்தது, எப்படி எய்தாலும் அதற்கு எட்டவில்லை. "இத நீ தொடாத. நான் வந்த பொறவு பாத்துக்கிடுதேன்," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலம் நாலு பேரோடு விசைப்படகில் போனான். மூன்றாம் நாள் புயல் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்ப் படகுகள் லட்சத்தீவிலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின, சில உடல்கள் கேரளத்துக் கரைகளில் ஒதுங்கின; அந்தப் படகிலிருந்து ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

மெற்றில்டா அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, உட்கார்ந்ததும் அந்தக் கேமைத் திறப்பாள். மூலையில் அந்தக் குருவி இறகைச் சிலிர்த்துக்கொண்டு இருக்கும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். புயல் போய் வருஷங்கள் ஆன பிறகும் அப்படித்தான் அவளுக்குப் பொழுது தொடங்கியது. ஒருநாள் காலையில் திறந்தபோது கேம் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, நிறமெல்லாம் மாறி, குருவிகள் போய்க் கரடிக்குட்டிகள் வந்து, வாருங்கள், முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம் என்று சிரித்தது. அவள் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு எழுந்து, கால்போன போக்கில் கோயில்வரை நடந்தாள். மண்டபத்தில் பெண்களுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாகர்கோவிலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வந்துபோகிற பிரின்சி, கல்லூரி முடித்து அதிக நாள் ஆகாத பெண், போர்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கேமுன்னு ஒண்ணு இருக்குல்லா, அத நாமளே செய்ய முடியுமா?" என்று வாசலில் நின்றே மெற்றில்டா கேட்டாள். "குமிழி உடைக்கிறது. உள்ள ஒரு குருவி மாட்டியிருக்கும். அது அப்படியே இருக்கணும், யாரும் வந்து மாத்தக்கூடாது."

"முடியும்க்கா. ஆனா முதல்ல ஆமையில இருந்து தொடங்கணும். பைத்தான்னு ஒரு மொழி, ரொம்ப லேசு. அதுக்குள்ள ஒரு ஆமை இருக்கு. நாம சொன்னபடி நடக்கும், நடக்கிற வழியெல்லாம் கோடு போடும்."

"பைத்தான்னா மலைப்பாம்புதான?" என்று பெஞ்சிலிருந்த ஒருத்தி கேட்டாள். "மலைப்பாம்பு வயித்துக்குள்ள கெடந்தும் ஆமை உசுரோட நடக்குதா?"

"நடக்கும்," என்றாள் பிரின்சி.

அப்படித்தான் அது நடந்தது, நடந்து வெளியேயும் வந்தது. ஏன் மெற்றில்டா எழுதினால் மட்டும் வெளியே வருகிறது, மற்றப் பெண்கள் எழுதினால் ஏன் திரைக்குள்ளேயே சுற்றுகிறது என்று முதல் வாரத்தில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அவரவருக்கு வேலை இருந்தது. ஆமை வீட்டுக்குள் ஏறிவிடக்கூடாது என்கிற பயம் மட்டும் ஊரில் பழைய பயமாகையால், கோயில் தெருவில் எல்லா வாசலிலும் குறுக்கே பலகை வைத்தார்கள். நாங்க எழுதாம அது எந்த வாசல்லயும் ஏறாது என்று பிரின்சி வீடுவீடாகப் போய்ச் சொன்ன பிறகு பலகைகளை எடுத்துக் கருவாடு காயப்போட்டார்கள்.

ஆமை போட்ட கோட்டை மழை கரைக்கவில்லை, விளக்குமாறு அழிக்கவில்லை, மேலே மண்ணைப் போட்டால் மண்ணுக்கு மேலே வந்து கிடந்தது. இது தெரிந்ததும் ஊர் அதற்கு வேலை கொடுக்கத் தொடங்கியது. ஃபுட்பால் மைதானத்துக்கு எல்லை போட்டுக் கேட்டார்கள். மெற்றில்டா நடுவட்டத்தோடு போட்டுக் கொடுத்தாள். திருவிழாவுக்குத் தேர் போகிற பாதையை வளைவோடு எழுதிக் கேட்டார்கள். கொத்தனார்கள் அஸ்திவாரம் குறிக்கக் கூட்டிப்போனார்கள். கிழக்குத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் வேலிக்காகப் பத்துப் பதினைந்து வருஷமாகப் பேசாமல் இருந்தவர்கள், ஆமை போடட்டும், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம் என்று வந்தார்கள். ஆமை போட்டது, அது ஒருத்தருடைய கக்கூஸை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது, இரண்டு பேருமாகச் சேர்ந்து மெற்றில்டாவிடம் சண்டைக்கு வந்தார்கள். போட்டதை அழிக்க ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது, அது எல்லாக் கோட்டையும் சேர்த்துத்தான் அழிக்கும். அழித்தபோது ஃபுட்பால் மைதானமும் போயிற்று, மறுநாள் அங்கே செமி ஃபைனல். அன்றிலிருந்து வேலி விஷயத்துக்கு ஆமையைக் கூப்பிடக் கூடாது என்று ஊர்க் கமிட்டி முடிவுசெய்தது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் நெருங்கியபோது பங்குத்தந்தை ஐந்து குடும்பங்களையும் வரச்சொன்னார். படகோடு போன ஐந்து பேருக்கும் ஒரே கல்லில் பெயர் வெட்டி, அவர்களுடைய உடுப்பை வைத்து அடக்கி, ஒரு பூசை வைக்கலாம், ஆனால் ஐந்து வீடும் ஒத்துக்கொண்டால்தான் செய்வேன் என்றார். நாலு வீடு ஒத்துக்கொண்டது. ததேயுஸின் அம்மா அல்போன்சாளும் ஒத்துக்கொண்டாள். மெற்றில்டா மட்டும் எழுந்து வந்துவிட்டாள்.

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் வேறு யாரும் கிடையாது.

"நான் கண்ணு மூடுததுக்கு முன்னால எம் மவன் பேர ஒரு கல்லுலயாவது பாத்துரணும் மோளே," என்றாள் அல்போன்சாள், மீன் ஆய்ந்துகொண்டே. "ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைக்க எடமில்லாம அலையுதேன்."

"அவரு வந்து அந்தக் கல்லப் பாத்தா என்ன கேப்பாரு மாமி? எம் பேர இதுல எழுதுனது ஆருன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவிய?"

அல்போன்சாள் மீனை மூன்று தண்ணீரில் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா கடைக்கு வந்தாள். அவளுடைய புருஷனும் அதே படகில்தான் போனான். அவன் போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருப்பது ஊருக்கே தெரியும். பூசை நடக்காமல் அந்தக் கல்யாணம் கோயிலில் நடக்காது என்பதும் தெரியும். ரீசார்ஜ் செய்யத்தான் வந்தாள், செய்த பிறகும் போகவில்லை.

"மைனி, நான் உங்களை அவசரப்படுத்த வரல்ல."

"தெரியும்."

"அந்த ஆமையக் கடலுக்குள்ள விட்டுப் பாத்தா என்ன? ஒரு தடவ தேடியாச்சுன்னு இருக்கும்லா. நேவிக்காரன் தேடினானோ தேடலியோ நமக்குத் தெரியாது. இதுன்னா நம்மது."

மெற்றில்டா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போன் கவர்களை அடுக்கி அடுக்கி வைத்தாள். ஆமை முதல் சதுரத்தைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே, அதன் முகம் கடலைப் பார்த்து இருந்ததை அவள் கவனித்திருந்தாள். அன்றையிலிருந்து அவள் நினைத்ததெல்லாம் அது ஒன்றுதான். ஃபுட்பால் மைதானம் போட்டபோதும் தேர்ப்பாதை போட்டபோதும் கை ஒன்றை எழுதியது, மனசு வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தது. யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள் போல.

பிரின்சி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தெரிந்தால் எண்ணைக் கொடுக்கலாம். தெரியாதபோது அதற்கென்று வேறு ஒரு வகை இருக்கிறது, 'வைல்' என்று பெயர். ஒன்று உண்மையாக இருக்கிற வரைக்கும் இதைச் செய், செய்துகொண்டே இரு, என்று அர்த்தம்.

"எது உண்மையா இருக்கிற வரைக்கும்?" என்றாள் மெற்றில்டா.

"அத நீங்கதான் எழுதணும்."

அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, காணோம் என்று ஒரு சொல்லை எழுதி, அது உண்மை என்று எழுதினாள். அது உண்மையாக இருக்கும்வரை ஒரு அடி முன்னால் போ, என்று அடுத்த வரியில் எழுதினாள். முடிந்தது. அதைவிடச் சின்னதாக அவள் எதையுமே எழுதியதில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லிருதேன்க்கா," என்றாள் பிரின்சி. "ஆமைக்குக் கண்ணு கெடையாது. அவரப் பாத்தாலும் அதுக்குத் தெரியாது. அதுவா நிக்காது. நீங்க வந்து அந்த 'உண்மை'ய 'பொய்'ன்னு மாத்தினாத்தான் நிக்கும். போய்க்கிட்டு இருக்கும்போதே மாத்துற மாதிரி இந்தப் பெட்டிய வச்சிருக்கேன். இதுல நீங்க மட்டும் எழுதுங்க."

காணாமல் போன ஆள் கிடைத்தால் ஒரு கூட்டமே சத்தம் போடும், ஆமைக்கு எதற்குக் கண் என்று மெற்றில்டா நினைத்தாள். பூசையை ஆமை போய் நிற்கும்வரை தள்ளிவைப்பதாகப் பங்குத்தந்தை சொன்னார். ஜெசிந்தா சரி என்றாள். அல்போன்சாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வழக்கமான முதல் பூசை முடிந்து ஊர் முழுக்க மண்டபத்து வாசலில் நிற்க, ஆமை தெற்குநோக்கிப் புறப்பட்டது. கோயில் தெருவில் இறங்கி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, இழுத்துப் போட்டிருந்த வள்ளங்களுக்கு நடுவில் நுழைந்து, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட, ஈரமணலைத் தொட்டு, முதல் அலைக்குள் போனது. அலை உள்வாங்கியதும் கோடு தண்ணீர்மேல் கிடந்தது. அலையோடு ஏறியது, அலையோடு இறங்கியது, ஆனால் ஒரு இழைகூட விலகவில்லை. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் நெத்திலிக்காரர்கள் ஏலத்துக்குக் கூப்பிட, எல்லோரும் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊரின் வேலை அந்தக் கம்ப்யூட்டரை அணையாமல் பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. அது அணைந்தால் ஆமை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும் என்று பிரின்சி சொல்லியிருந்தாள், கடலுக்கு நடுவில் நின்றால் யார் போய் எடுப்பது. கரண்டு போகிற மழைக்காலத்தில் பங்குத்தந்தை தன் அறை இன்வெர்ட்டரை மண்டபத்துக்கு மாற்றினார். அதுவும் தீர்ந்த ஒரு நாளில் ஆண்கள் படகுகளிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மீன்காரப் பெண்கள் கரையில் உட்கார்ந்து மிட்டாய் உடைப்பதை விட்டு மண்டபத்தில் வந்து உட்கார்ந்து உடைத்தார்கள், முறைவைத்து, இரண்டு பேர் மூன்று பேராக, அவ்வப்போது தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்துக்கொண்டு. திரையில் பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளையாக இருக்கும், நடுவிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கீழ்விளிம்புவரை வந்து, அதற்கப்பால் காணாமல் போயிருக்கும். அதையே பார்ப்பார்கள்.

கடலில் அந்தக் கோடு எல்லோருக்கும் பழகிவிட்டது. அதற்குக் குறுக்கே யாரும் வலை விரிக்கவில்லை. யாரும் சொல்லி அப்படி நடக்கவில்லை, தானாக நடந்தது. மூடுபனி இறங்குகிற நாட்களில் ஆழ்கடல் படகுகள் கோட்டைத் தேடிப் பிடித்து அதை ஒட்டியே கரைக்கு வந்தன. எங்கே இருக்கிறாய் என்று வயர்லெஸ்ஸில் கேட்டால், கோட்டுக்கு மேற்கே, கோட்டுக்குக் கிழக்கே என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை மெற்றில்டா கோடு என்றார்கள். புன்னைத்துறைக்காரர்கள் ததேயுஸ் கோடு என்றார்கள். அந்தப் பெயர் ஒருநாளில் பலமுறை அவள் காதில் விழுந்தது. அதற்காகவே அவள் கடையை மூடிவிட்டு மீன் இறங்குகிற நேரத்துக்குக் கரைக்குப் போய் நிற்பாள்.

கொஞ்ச நாளில் அவளுடைய கடைப் போன் அடிக்கத் தொடங்கியது. சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவன் தென்கடலிலிருந்து பேசினான். கேப்டன் கப்பலை நிறுத்திவிட்டார், கறுப்பாக ஒரு கோடு, இது நம்ம ஊர் ஆமை போட்டதுதானே அக்கா என்று கேட்டான். அதற்கப்புறம் நெடுநாள் ஒன்றும் வரவில்லை, அங்கெல்லாம் பனிக்கட்டிதான், நம் ஆட்கள் யாரும் கிடையாது என்று பங்குத்தந்தை சொன்னார். அடுத்த கல்லறைத் திருநாளும் வந்து போனது. பிறகு மெக்சிக்கோ பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஒருவன் பேசினான். கனடாவில் கட்டிக்கொடுத்த ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்; கோதுமை வயல் நடுவில் போகிறது மைனி, நான் அதோடு கொஞ்ச தூரம் நடந்தேன், எங்க போவுதுன்னு தெரியல்ல, ஆனா ஊர்ல இருந்து வருதுல்லா என்றாள்.

மெற்றில்டா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "பக்கத்துல ஆரும் இருந்தாவளா?"

இல்லை என்றார்கள் எல்லோரும்.

லடாக்கிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரன் பேசியபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. பனிமேல் கோடு வருகிறது, வடக்கேயிருந்து தெற்கே போகிறது என்றான். "தெக்கேன்னா நம்ம பக்கம்லா," என்று மண்டபத்தில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகம் உருண்டை, நேராகப் போனால் முதுகுப்பக்கமாகத் திரும்பி வந்துதான் ஆகவேண்டும் என்று பிரின்சி ஆரஞ்சுப் பழத்தில் நூல் சுற்றிக் காட்டினாள். டெல்லியில் நர்ஸாக இருக்கிற பெண் பேசினாள்: ஆஸ்பத்திரி வராந்தா வழியாகப் போயிற்று, நான் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அதன் பின்னால் வருகிறேன் என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், ஊருக்கு வந்து பல வருஷம் ஆனவர்கள், கோடு தங்கள் தெருவைத் தாண்டியதும் ஷிஃப்டை விட்டுவிட்டு அதோடு நடக்கத் தொடங்கினார்கள். சண்டை போட்டுக்கொண்டு போனவன், சாதிவிட்டுக் கட்டிக்கொண்டு போனவள், கடன்பட்டு ஓடினவன், வெறுமனே போய் வராமலே இருந்துவிட்டவன், எல்லோரும் அது எங்கே போகிறது என்று தெரிந்ததால் வந்தார்கள். தென்காசியைத் தாண்டியபோது அது ஒரு ஊர்வலம் மாதிரி இருந்தது என்று டீக்கடைக்காரர்கள் சொன்னார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த நாளில் புன்னைத்துறையின் வடக்கு எல்லையில் ஊரே நின்றது. முதலில் ஆமை வந்தது, போனபோது இருந்த அதே நடையில். பின்னால் பைகளும் பிள்ளைகளுமாக ஆட்கள். ஒவ்வொரு முகத்தையும் யாரோ ஒருவர் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டு அழுதார்கள். டெல்லி நர்ஸை அவளுடைய அம்மா நடுரோட்டில் உட்காரவைத்துத் தலைமுடியைத் தடவிப் பார்த்தாள். மெற்றில்டா ஓரமாக நின்று வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தாடி வைத்தவர்களைத் தாடியை எடுத்துவிட்டுப் பார்த்தாள், மெலிந்தவர்களைக் கொஞ்சம் சதை போட்டுப் பார்த்தாள். கடைசி ஆள் நொண்டிக்கொண்டு வந்தான். அவனும் வேறு ஆள். அவனுக்குப் பின்னால் ரோடு வெறுமையாகக் கிடந்தது.

ஆமை சந்தையைத் தாண்டி, கடையைத் தாண்டி, மண்டபத்தின் பின்கட்டு வழியாக உள்ளே ஏறி, பெண்கள் கால்களைத் தூக்கிக்கொள்ள, முன்வாசலுக்கு வந்தது. அங்கே அதன் கோடு தொடங்கிய இடத்தைக் கோட்டின் நுனி தொட்டது. எல்லோரும் அது நிற்கும் என்று நினைத்தார்கள். அது நிற்கவில்லை. தான் முன்பு போட்ட கோட்டின் மேலேயே கால் வைத்து, கோயில் தெருவில் இறங்கியது.

காணோம் என்பது இன்னும் உண்மையாகத்தான் இருந்தது.

மெற்றில்டா மண்டபத்து வாசலிலேயே நின்றாள். கடலுக்கு அதிக தூரம் இல்லை. தெரு, ஐஸ் கம்பெனி, வள்ளங்கள், மணல். இனி ஒருமுறை தண்ணீருக்குள் இறங்கினால் இன்னும் ஒரு சுற்று. ஜெசிந்தா எதிர்ப்பக்கத்தில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெற்றில்டா தன்னைப் பார்த்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போது அல்போன்சாள் வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மோளே, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ."

"என்ன மாமி?"

"அத ஒரு டிகிரி திருப்பி விடு. நீதான சொன்ன, ஆமையத் திருப்ப டிகிரின்னு ஒண்ணு இருக்குன்னு. கோடுன்னா நூல் அளவுதான மோளே. கடல் எம்புட்டுப் பெருசு. எம் பிள்ள ஒரு கை தள்ளிக் கெடந்திருப்பான். ஆமைக்குத் தெரியாம தாண்டிப் போயிருக்கும். நான் கல்லு கேட்டது தப்பு. கல்லு வேண்டாம். திருப்பி விடு."

மெற்றில்டாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றாள், அதே சொற்களில், அதே நூலளவு, அதே ஒரு கை தூரம். ஆனால் தன் நினைப்பு மாமியாரின் வாயிலிருந்து வந்தபோது, அந்த ஒரு டிகிரிக்கு அப்புறம் இருக்கிற இன்னொரு டிகிரியும், அதற்கப்புறம் இருக்கிற இன்னொன்றும், மண்டபத்தில் பேட்டரியோடு காத்திருக்கிற ஊரும், பள்ளிக்கூட உடுப்பில் நிற்கிற ஜெசிந்தாவின் பிள்ளை வளர்ந்துகொண்டே போவதும், கையைப் பிடித்திருக்கிற இந்தக் கை ஒருநாள் இல்லாமல் போவதும் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிரின்சி நாற்காலியை விட்டு எழுந்து இடம்கொடுத்தாள். திரையில் அதே வெள்ளை, அதே கோடு. பெட்டிக்குள் 'உண்மை' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் இத பொய்ன்னு எழுதினா அவரு கெடச்சிட்டாருன்னு அர்த்தமா, இல்ல போயிட்டாருன்னு அர்த்தமா?"

"ரெண்டும் இல்லக்கா. தேடுறது நின்னுட்டுன்னு மட்டும்தான் அர்த்தம்," என்றாள் பிரின்சி.

மெற்றில்டா அழித்தாள். எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

வெளியே கரையில் நின்றவர்கள் சொன்னார்கள், ஆமை ஈரமணலில் முன்காலை எடுத்து வைத்த நிலையில் நின்றது என்று. ஒரு அலை வந்து அதை மூடிவிட்டு உள்வாங்கியது. இன்னொரு அலை வந்தது. அது நகரவில்லை.

மெற்றில்டா தெருவில் நடந்து வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அல்போன்சாள் அவளுக்கு முன்னாலேயே வந்து, ஆமைக்குப் பக்கத்தில் முழங்கால்வரை சேலை நனைய உட்கார்ந்து, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெற்றில்டா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அல்போன்சாள் திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கிழவிக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் வேறு எதையாவது அவள் சொல்லிவிடமாட்டாளா என்று பார்த்தாள்.

"என்னைய நல்லாத்தான் வச்சிருந்தாரு, மாமி," என்றாள் மெற்றில்டா. அவனைப் பற்றி முடிந்துபோனதாக அவள் பேசியது அதுவே முதல் தடவை.

அல்போன்சாளின் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அந்தக் கரையில் வருஷக்கணக்காக வராமல் இருந்த சத்தம். அவள் மகன் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு தொடங்க, ஜெசிந்தா ஓடிவந்து தண்ணீரில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டு தன் புருஷன் பெயரைச் சொன்னாள். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வெகுதூரத்திலிருந்து கோட்டோடு நடந்து வந்தவர்கள் பைகளை மணலில் இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிவர உட்கார்ந்தார்கள்.